கேட்போர்

1

சென்ற வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, கவிஞரான நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க உத்திரமேரூர் வந்திருந்தார். தொகுப்பாகக் கொண்டுவர நினைக்கும் கவிதைகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார். மொத்தம் முப்பத்தோரு கவிதைகள். சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். அவர் வாசித்தார், நான் கேட்டேன். கேட்டேன் என்றுதான் மூன்று மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்ததும் 'நன்றாக வந்திருக்கிறது' என்றேன். இது பொய். தேடி வந்த மனுஷரின் முகத்துக்கு நேரே வேறு சொல்ல வாய் வரவில்லை. அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பொய் என்னை உறுத்திற்று. பிறர் எழுத்தில் பாசாங்கைக் கண்டால் சாடுகிறவன், நண்பரிடம் இப்படி நடந்துகொள்ளலாமா? உட்கார்ந்து ஆறு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தக் கவிதையில் எந்த வரி உபரி, எங்கே படிமம் அனுபவத்திலிருந்து வராமல் படிமத்துக்காகவே வந்து நிற்கிறது, எந்தச் சொல் இரவல் என்றெல்லாம் பட்டியல் போட்டேன். 'நீ' என்று விளிக்கிற கவிதைகள் பலவற்றில் அந்த 'நீ' யார் என்று கவிஞருக்கே தெரியவில்லை என்றும், வீட்டுப் பூட்டைப் பார்த்துப் பேசுவதாக வரும் ஒரு கவிதை செயற்கையின் உச்சம் என்றும் எழுதினேன். தபாலில் போட்ட அன்று மனசு லேசாக இருந்தது. நேர்மையாக இருந்துவிட்டோம் என்ற திருப்தி.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. 'நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி.' அதற்குப் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை.

தை மாசக் கடைசியில் மூன்றாவது மனிதர் ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நண்பரின் மனைவி ஆடியிலேயே குழந்தையோடு தாய்வீடு போய்விட்டிருக்கிறார். ஐப்பசியில் இவர் என்னைத் தேடி வந்தபோது வீட்டில் தனியாக இருந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்லாமல் இல்லை. ஏரிக்கரையில், இரண்டு கவிதைகளுக்கு நடுவே, 'இப்பல்லாம் ராத்திரி சமையல் நான்தான்' என்றார். நான் அதற்கு முந்தின கவிதையின் மூன்றாவது வரியைப் பற்றிப் பேசினேன். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, என் மகள் ஓயாமல் பேசுவதைப் பார்த்து, 'வீடுன்னா சத்தம் இருக்கணும்' என்றார். நான் சிரித்தேன். மறுநாள் காலை பஸ் ஏறும்போது, 'இன்னொரு நாள் வரேன், வேற ஒண்ணு பேசணும்' என்றார். 'தாராளமா வாங்க' என்றேன். பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்தால் என் மனைவி கேட்டாள்: 'அவர் முகமே சரியில்லையே, ஏதாவது கேட்டீங்களா?' கவிதை பற்றித்தான் பேசினோம் என்றேன்.

நண்பரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். மற்றபடி எழுதச் சொன்னவரே அவர்தான்.

நேர்மையாகப் பேசுவதையும் காது கொடுத்துக் கேட்பதையும் ஒரே நல்ல குணத்தின் இரண்டு பெயர்கள்போல் நாம் பாவித்துவருகிறோம். ஏரிக்கரையில் நான் பொய் சொன்னேன், கேட்கவும் இல்லை. கடிதத்தில் நிஜம் சொன்னேன், அப்போதும் கேட்கவில்லை. பொய்யிலிருந்து நிஜத்துக்கு நகர்ந்ததை ஒரு பெரிய தார்மீகப் பயணமாக நான் நினைத்துக்கொண்டது எவ்வளவு அபத்தம். இது என் சொந்த அவஸ்தையாக மட்டும் இருந்தால் இந்தப் பக்கங்களில் எழுதியிருக்க மாட்டேன். நம் இலக்கியத்திலும் விமர்சனத்திலும் இதே கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது.

2

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது கல்வெட்டுப் பார்க்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்து இரண்டு சாசனங்கள், 919லும் 921லும் வெட்டியவை. பிரம்மதேய கிராமமான உத்திரமேரூரின் சபைக்கு வாரியங்கள் அமைப்பது எப்படி என்று சொல்பவை. முப்பது குடும்புகள், குடும்பு ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுகிறார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க, நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாங்கியதை அவன் வாசிக்கிறான். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கிறார்கள்.

இந்தச் சபையில் யார் உட்கார முடிந்தது என்பதை மறக்கக் கூடாது. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கான ஏற்பாடு அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமின்றி அவனுடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று நெடுக உறவுமுறை சொல்லி விலக்கிவைக்கிறது சாசனம். அத்தனை அவநம்பிக்கை. அந்த அவநம்பிக்கையிலிருந்துதான் விரித்த உள்ளங்கை என்ற அற்புதமான ஏற்பாடு பிறக்கிறது.

கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற எனக்கு இந்த உள்ளங்கை மிகவும் நெருக்கமானது. எண்ணிய நோட்டுக் கட்டை எதிராளி பார்க்கும்படி வைக்கப் பழகியவன் நான். உறவுகளிலும் நேர்மை என்பதை இப்படித்தான் கற்பனை செய்துவந்திருக்கிறேன்: உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டேன், உள்ளதை வாசித்துவிட்டேன், இனி என்மேல் பழியில்லை. நண்பருக்கு எழுதிய ஆறு பக்கமும் அப்படி விரித்த கைதான்.

ஆனால் ஓலையில் இருந்தது பெயர். பெயருக்கு ஒரே பொருள். எத்தனை பேர் வாசித்தாலும் அதே பெயர். 'ராத்திரி சமையல் நான்தான்' என்பது அப்படிப்பட்ட ஓலை இல்லை. அதை உரக்க வாசித்தால் சமையல் செய்தி மட்டும் கிடைக்கும். சபைக்கு வகுத்த ஒழுங்கை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் என் தவறு என்று தோன்றுகிறது. சபையில் ஒருவரையொருவர் நம்பாதவர்களுக்கு அது காவல். வீட்டில், நட்பில், அதே ஒழுங்கு ஒரு தப்பித்தல்.

3

தொல்காப்பியத்தைப் புலவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். எங்களைப் போல ஆங்கிலம் படித்து வந்தவர்கள் எலியட்டின் மூலம் கவிதையின் குரல்களைப் பற்றித் தெரிந்துகொண்டோம். கவிஞன் தனக்குத்தானே பேசுகிறான், சபைக்குப் பேசுகிறான், பாத்திரமாகிப் பேசுகிறான் என்று 1953ல் எலியட் வகுத்த மூன்று குரல்களும் பேசுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தவை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகள் முப்பத்துநான்கைச் சொல்லும்போது, கூற்று என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, கேட்போர் என்பதைத் தனி உறுப்பாகவே வைக்கிறது. கேட்பவர் செய்யுளுக்கு வெளியே இருக்கும் வாசகர் அல்ல. எழுத்தும் அசையும் சீரும்போல அவர் செய்யுளின் அங்கம். இன்ன இடத்தில் இன்னாருக்கு இன்னது சொல்லப்படுகிறது என்று குறிப்பால் உணர்வதற்கு முன்னம் என்று வேறு ஒரு உறுப்பு இருக்கிறது.

அகப்பாட்டு பலவற்றின் அடியில் உள்ள துறைக்குறிப்பில் சிறைப்புறம் என்ற சொல் வரும். தலைவன் வேலிப்புறத்தில் வந்து நிற்கிறான். தோழி அவனைப் பார்த்துப் பேசுவதில்லை. தலைவியைப் பார்த்து, தாயின் காவல் கடுமையாகிவிட்டதென்றோ, ஊரில் அலர் எழுந்ததென்றோ, தினை அறுப்புக்கு வந்துவிட்டதென்றோ பேசுகிறாள். சொல்வது இவளுக்கு, கேட்க வேண்டியது அவன். தினை அறுப்பு என்றால் இனிப் பகலில் சந்திக்க முடியாது என்று பொருள். ஆகவே மணம் பேச வா என்று பொருள். அவன் புரிந்துகொள்கிறான். புரிந்துகொள்ளாத தலைவனை வைத்து இந்த மரபு நடக்கவே முடியாது.

இதைச் சொல்லி, 'பார், நம் முன்னோர் எவ்வளவு நுட்பம்' என்று பெருமை பேசிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இந்த நுட்பத்துக்கு ஒரு விலை உண்டு. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தன் வாயால் சொல்வது மரபல்ல என்று அதே தொல்காப்பியம் விதிக்கிறது. வாயைக் கட்டினால் கண்ணும் குறிப்பும் கூர்மைப்படத்தான் செய்யும். இன்றும் எங்கள் பக்கத்து வீடுகளில் மாமியாருக்குச் சொல்ல வேண்டியதை மருமகள் கையிலிருக்கும் குழந்தையிடம் சொல்கிறாள். அதைச் சங்க மரபின் தொடர்ச்சி என்று ரசிக்கிறவன் அந்த வீட்டில் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று நிற்கிறது. நேராகச் சொல்ல முடியாதவர் இருக்கும்வரை வேலிக்கு அந்தப்புறம் கேட்கிறவருடைய பொறுப்பு கூடுகிறது. என் நண்பர் ஆண்தான். அவர் வாயை எந்த மரபும் கட்டவில்லை. ஆண் தன் வீடு உடைந்ததைச் சொல்லலாகாது என்ற கௌரவம் கட்டியிருந்தது. அவர் கவிதை என்ற வேலியின் பின்னால் நின்று பேசினார். நான் வேலி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்யுளியலில் இருக்கிறது. ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம், பறவை, நெஞ்சு போன்றவை கேட்பனபோலவும் பேசுவனபோலவும் அவற்றை நோக்கிக் கூறலாம் என்கிறது. கல்லூரியில் ரஸ்கினைப் படித்திருந்த நாங்கள் இதை ஒரு பழைய அணியலங்காரமாகப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மனுஷர் யாரும் கேட்காதபோது மனசு யாரிடம் போகும் என்ற கேள்விக்கு இது பதில் என்று அப்போது உறைக்கவில்லை. செக்காவ் 1886ல் ஒரு குதிரைவண்டிக்காரனைப் பற்றி எழுதினார். பெயர் அயோனா. மகன் செத்துப்போனதை ஏறுகிற சவாரி ஒவ்வொன்றிடமும் சொல்லப் பார்க்கிறான். யாருக்கும் நேரமில்லை. கடைசியில் லாயத்தில் தன் குதிரையிடம் சொல்லித் தீர்க்கிறான். அந்தக் கதையை நான் வகுப்பெடுப்பதுபோல் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன எனக்கு, பூட்டிடம் பேசுகிற கவிதை செயற்கை என்று பட்டது.

4

நவீன உரைநடையில் இந்தப் பிரச்னையை முழுப் பிரக்ஞையோடு தொட்டவர்கள் சிலர். கு.ப.ரா.வின் 'விடியுமா?' எனக்கு முதலில் நினைவு வருகிறது. சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவனுக்கு ஆபத்து என்று தந்தி. அவளும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலில் புறப்படுகிறார்கள். இரண்டு பேர் மனசிலும் ஒரே பயம். இரண்டு பேரும் அதைச் சொல்வதில்லை. ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள்; தேற்றும் வார்த்தை பொய் என்று இருவருக்கும் தெரிகிறது. விடிந்து ஆஸ்பத்திரி வாசலில் சாவுச் செய்தி கிடைக்கும்போது துக்கத்தோடு ஒரு விடுதலையும் வருகிறது. சம்பிரதாயமான நீதி சொல்கிறவர், 'ரயிலிலேயே மனம் விட்டுப் பேசியிருக்கலாமே' என்பார். கு.ப.ரா. அப்படி நினைக்கவில்லை. அந்த ராத்திரி அவர்கள் பேசிய பொய்கள் ஒருவரையொருவர் கேட்டதனால் வந்த பொய்கள். அக்காளின் மௌனத்தில் என்ன இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கம்பார்ட்மெண்டில் நமக்கு மூச்சு முட்டுகிறது. நான் ஏரிக்கரையில் சொன்ன பொய்யோடு இதை ஒப்பிட முடியாது. என்னுடையது என் சௌகரியத்துக்கு.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இதற்கு அடுத்த படி. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்துப்போட்டு, ஒத்தடம் கொடுத்து, பட்டணத்தில் நாதியற்றுக் கிடக்கிறார். ஊருக்குப் போகலாம் என்ற பேச்சு அவர்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. போக முடியாது என்று வாசகனுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கடையிலிருந்து புடவைகளை எடுத்துவந்து அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். சாகப்போகிறவளுக்குப் புடவை. இதை ஏமாற்று என்று யாரால் சொல்ல முடியும்? அவள் கேட்டது ஊரை. அவரால் தர முடிந்தது புடவை. கேட்டது என்ன என்று தெரிந்துகொண்டு, அதைத் தர முடியாத மனிதன் தருகிற பதிலி அது. புதுமைப்பித்தனின் கசப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இவ்வளவு கூர்மையான காது அவருக்கு இருந்ததைப் போதிய அளவு பேசவில்லை.

நேர்ப்பேச்சும் செவியும் சேர்ந்து வருகிற இடம் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கணையாழியில் தொடராக வந்து 1973ல் நூலானது. சினிமாக் கனவில் ஏமாந்து, தங்கையும் விட்டுப்போய், தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்த்த ஜமுனா டீச்சரம்மாவிடம் போகிறாள். டீச்சரம்மா ஆறுதல் சொல்வதில்லை. வயதான நோயாளிக்குத் தான் வாழ்க்கைப்பட்டதை, அந்த வீட்டை, அந்த மாமியாரை, ஒரு அலங்காரமும் இல்லாமல் சொல்கிறாள். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறாள். கொடூரமான நேர்மை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஜமுனா அதிலிருந்து எழுந்து நடக்கிறாள். எப்படி? டீச்சரம்மா ஜமுனாவைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்கிறாள். ஜமுனா எந்த இடத்தில் நிற்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவளால்தான் தன் கதையில் எந்தப் பகுதியைச் சொல்ல வேண்டுமென்று தீர்மானிக்க முடியும். அசோகமித்திரன் இதை விளக்குவதில்லை. அவர் எதையும் விளக்குவதில்லை.

நம் புதுக்கவிதையில் நிலைமை வேறு. 'எழுத்து' 1959ல் தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது வருஷத்துக்கு மேல். நூற்றுக்கணக்கான கவிதைகளில் 'நீ' வருகிறது. அந்த 'நீ'க்குப் பெரும்பாலும் காது கிடையாது. அது பதில் சொல்லாது, முகம் சுளிக்காது, எழுந்து போகாது. கவிஞன் தன் தனிமையைப் பிரகடனம் செய்ய எதிரே நிறுத்திய பொம்மை. நகுலனின் ராமச்சந்திரன் கவிதையை நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். இரண்டு பேர் பேசிக்கொள்ள, ஒருவர் கேட்காமலும் மற்றவர் சொல்லாமலும் விட்ட ஒரு கேள்வியில்தான் அதன் உயிர் இருக்கிறது. அதன் பயங்கரம் நம்மில் பலருக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அதை வேடிக்கையாக மேற்கோள் காட்ட மாட்டோம்.

5

வங்கியில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வாடிக்கையாளரைக் கவனித்துக் கேட்பது எப்படி என்று ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணைப் பார், தலையை ஆட்டு, அவர் சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல். இதற்கு ஆக்டிவ் லிசனிங் என்று பெயர். மனநல வைத்தியத்தில் பேர்போன கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957ல் இந்தப் பெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர்களை மனத்தில் வைத்து எழுதியது. அதைத் தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். எதிராளியை உண்மையாக மதிக்காமல் இதை ஒரு உத்தியாக மட்டும் கையாண்டால் பலிக்காது, வேஷம் வெளுத்துவிடும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பயிற்சியில் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுத் தலையாட்டலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கவுண்டருக்கு மாசாமாசம் ஒரு பாட்டி வருவார். முதியோர் பென்ஷன் எடுக்க. எடுத்த பிறகு, 'கணக்குல எவ்ளோ இருக்குதுப்பா?' என்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வேன். 'அவ்ளோதானா?' என்பார். 'அவ்ளோதான் பாட்டி.' திரும்பிப் போய்விடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி. நான் ஒருநாளும் தப்பான தொகை சொன்னதில்லை, விரித்த உள்ளங்கை. பிறகு ஒருநாள் என் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். பாட்டி அதே கேள்வியைக் கேட்க, அவள் தொகையைச் சொல்வதற்கு முன், 'யாராவது போட்டிருக்கணுமா பாட்டி?' என்றாள். பெரிய மகன் வெளியூரிலிருந்து பணம் போடுவதாகச் சொல்லிப் போயிருந்தானாம். போட்டிருக்கிறானா என்று நேராகக் கேட்டால், போடவில்லை என்று பத்துப் பேர் நடுவில் பதில் வரும். அதனால் பாட்டி மொத்தத்தைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் செய்யுளியல் தெரியாது. முன்னம் தெரிந்திருந்தது.

தமிழில் கேள் என்ற சொல்லை நினைத்துப் பார்க்கிறேன். காதால் கேட்பதும் கேட்பதுதான்; வினாவுவதும் கேட்பதுதான். பழைய தமிழில் கேள் என்றால் உறவு, நட்பு. கேளிர் என்றால் சுற்றத்தார். இவை ஒரே வேரா என்பதை மொழிநூலார் தீர்மானிக்கட்டும். 'ஏதாவது கேட்டீங்களா?' என்று என் மனைவி கேட்டபோது எந்தக் கேட்டலை உத்தேசித்தாள்? இரண்டையும் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. வினாவாமல் கேட்டுக்கொண்டிருப்பது பல சமயம் வெறும் மரியாதை. கேட்காமல் வினாவுவது போலீஸ் விசாரணை. அந்தப் பெண் செய்தது இரண்டும் ஒன்றாக இருந்த காரியம்.

6

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். தமிழில் சிறுபத்திரிகை விமர்சனம் தயவுதாட்சண்யம் இல்லாமல் பேசுவதைத் தன் தர்மமாகக் கொண்டது. கல்கி யுகத்தின் பரஸ்பரப் பாராட்டுக்கு எதிராக அது தேவைப்பட்டது. க.நா.சு. தன் ரசனையை வைத்துப் பட்டியல் போட்டார். சி.சு. செல்லப்பா அது போதாது, வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்றார். வெங்கட் சாமிநாதன் ஒரு கலாச்சாரத்தையே கூண்டில் ஏற்றினார். இவர்கள் இல்லாமல் நம்மில் யாருக்கும் முதுகெலும்பு இருந்திருக்காது. இவர்களுக்குள் அபிப்பிராய பேதம் எவ்வளவு இருந்தாலும், நல்ல நேரங்களில், எதிரே இருக்கும் படைப்பு என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டார்கள். செல்லப்பாவின் அலசல் எனக்கு அலுப்பூட்டியதுண்டு. இன்று பார்த்தால் அது ஒரு காது. அவ்வளவு நேரம் ஒரு கவிதையின் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அவர்களுக்குப் பின் வந்த நாம் நேர்மையை எடுத்துக்கொண்டு செவியை விட்டுவிட்டோம். 'மனசில் பட்டதைச் சொல்கிறேன்' என்பது நம் சபைகளில் ஒரு கொடிபோல் ஆகிவிட்டது. பட்டது என்ன, பட வேண்டிய இடத்தில் மனசு இருந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. நட்புகள் முறிந்தால், நேர்மைக்குக் கொடுத்த விலை என்று சொல்லிக்கொள்கிறோம். பாதிக்கு மேல் அது கேளாமைக்குக் கொடுத்த விலை. இதற்கு மாற்று இதமாகப் பேசுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதம் ஏரிக்கரையிலேயே என்னிடம் இருந்தது. அது பொய்யாக இருந்தது.

கவிஞனின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டுதான் கவிதையைப் படிக்க வேண்டுமா என்று ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பிரதியில் இல்லாததைப் பிரதிக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆகவே பூட்டுக் கவிதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நண்பர் வீட்டு விவகாரம் தெரியாதவனாக என்னைப் பாவித்துக்கொண்டு படித்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. பேசுகிறவன் தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறான். சாவி அவனிடம் மட்டும் இருக்கிறது. உள்ளே விளக்கு எரியவில்லை என்று அவன் சொல்வதில்லை, ஆனால் சாவித்துவாரத்தை விரலால் தடவித் தேடுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஒரு மனுஷனை எதிர்கொள்ள இருப்பது பூட்டு மட்டும்தான் என்று கவிதை எனக்குச் சொல்லிவிட்டிருக்கிறது. நான் 'படிமத்துக்காகப் படிமம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். வாழ்க்கையில் கேட்காதவன் கவிதையையும் கேட்கவில்லை. இரண்டும் தனித்தனிப் பிழைகள் என்று இனி என்னால் நம்ப முடியாது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. பூட்டு இல்லை, வீட்டில்தான் இருந்தார். கவிதைப் பேச்சை எடுக்கவில்லை. 'அன்னிக்கு வேற ஒண்ணு பேசணும்னீங்களே' என்றேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ராத்திரி பதினொரு மணிவரை பேசினார். நடுநடுவே எனக்கு யோசனைகள் வந்தன; ஒருமுறை பாதி வாக்கியம் சொல்லியும்விட்டேன். அவர் நிறுத்திவிட்டார். நானும் நிறுத்திக்கொண்டேன். பிறகு தொடர்ந்தார். பெரும்பாலும் அவர் மனைவி சொன்னவற்றை, அவர் அப்போது கேட்காமல் விட்டவற்றை, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

வைகாசியில் நோட்டை மறுபடியும் எடுத்துவந்தார். ஒன்பது கவிதைகளை நீக்கியிருந்தார். அவற்றில் ஏழு நான் கடிதத்தில் சொன்னவை. பூட்டுக் கவிதையைப் பற்றி நான் எழுதியது தவறு என்று சொன்னேன். தலையை அசைத்தார். மீதியில் இரண்டு கவிதைகள் இன்னும் எனக்குப் பலவீனமாகவே படுகின்றன. அதையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். 'இருக்கட்டும், அது ரெண்டும் இருக்கும்' என்றார். ஏன் என்று கேட்டேன். 'இன்னொரு தடவ படிங்க' என்றார், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது அந்த இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன. இதுவரை நான்கு தடவை படித்தாகிவிட்டது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.